கத்தரித்து எடுத்த பத்தி

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. முகாம் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், விடைத்தாள் எல்லாம் திருத்தி முடித்த பிறகுதான் தருவார்கள் என்று நீ சொன்னபோது நான் பாதிதான் நம்பினேன். நான்கு முறை அழைத்துப் பார்த்தபின் முழுசாக நம்புகிறேன். கடிதமும் நல்லதுதான். போனில் என்றால் இரண்டாவது நிமிடத்தில் நமக்குக் குரல் ஏறிவிடும்.

உன் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் வாடுகிறது. நான் ஊற்றுவது அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஐந்து வருட நியமனம் இந்த ஜூனோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு இருபத்தாறாம் தேதி கூடுகிறது. அவர்கள் முதலில் புரட்டுவது மாணவர் கருத்துப் படிவங்களைத்தான். அவற்றை வாங்கி, எண்ணி, சுருக்கம் தட்டச்சு செய்து அனுப்புவது கல்லூரி அலுவலகத்தில் எங்கள் பிரிவின் வேலை. மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். எல்லா ஆசிரியரும் கொடுத்தாயிற்று, உன்னைத் தவிர. நீயோ ஊரில் இல்லை. "உங்க அக்கா இந்த வருஷமும் லேட்டா?" என்று பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லூரியில் மாடி பெருக்கும் அம்மாவிடம் சாவி வாங்கி உன் அறையைத் திறந்தேன். மேஜை மேலேயே நூல் போட்டுக் கட்டிய படிவங்கள் இருந்தன, மேலே உன் எழுத்தில் "அரசியல் உளவியல்" என்று. எடுத்து வந்து சேர்த்துவிட்டேன். வகுப்பில் நாற்பத்தொரு பேர், படிவம் இருபதுதான் இருந்தது. மீதிப் பேர் எழுதச் சோம்பல்பட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு படித்துப் பார்த்தேன். படிக்காமலே அனுப்பியிருக்கலாம்.

இருபதில் பதினேழு உனக்கு எதிராக இருக்கிறது. "கேள்வி கேட்கச் சொல்வார், பதில் அவரிடம் முன்பே தயாராக இருக்கும்." "வேறு பதில் சொன்னால் முகம் மாறும்." "எங்களை உதாரணமாகப் பார்க்கிறார், மனிதராக அல்ல." ஒருவர் எழுதினால் ஒருவரின் கோபம் என்று விடலாம். பதினேழு பேரும் ஏறக்குறைய இதையே எழுதியிருக்கிறார்கள். தட்டச்சு செய்யும்போது இதெல்லாம் எங்கோ கேட்டது போல இருந்தது. நாள் முழுக்கப் படிவம் பார்ப்பவளுக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

முதல்வர் சுருக்கத்தைப் படித்தார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நான் சொல்வது மேல் என்றுதான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

சின்னு


ஏப்ரல் 8

சின்னுவுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பிறகு நாற்பது விடைத்தாள் திருத்தினேன். எப்படித் திருத்தினேன் என்று என்னைக் கேட்காதே.

நீ மேற்கோள் காட்டியிருக்கும் மூன்று வாக்கியங்களையும் எழுதியது மாணவர்கள் அல்ல, நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து.

பதற்றப்படாமல் படி. மற்றவர் சொன்னதை நம்முடைய கருத்தாக எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது என் பாடத்தின் ஒரு பகுதி. அதைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். உங்கள் பிரிவின் படிவத்தையே எடுத்து, தலைப்புக்குக் கீழே "சென்ற ஆண்டு மாணவர்களின் பொதுக் கருத்து" என்று ஒரு பத்தி சேர்த்து நகல் எடுத்தேன். இரண்டு விதம். இருபத்தொரு பேருக்கு என்னைப் பற்றிய நல்ல பத்தி, இருபது பேருக்குக் கெட்ட பத்தி. இரண்டுமே இட்டுக்கட்டியவை. நல்லதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. கெட்டதை அடுப்பில் அரிசி வேகும் நேரத்தில் எழுதி முடித்தேன்.

எதிர்பார்த்தபடியே நடந்தது. நல்லதைப் படித்தவர்கள் புகழ்ந்தார்கள், மற்றவர்கள் திட்டினார்கள். அடுத்த வகுப்பில் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். கடைசி வரிசைத் தாடிக்காரன் மட்டும் எழுந்து, "அப்ப நாங்க எழுதினது பொய்யா மேடம்?" என்றான். "பொய் இல்லப்பா. உங்களோடது இல்ல, அவ்வளவுதான்" என்றேன். அன்றைக்கு அது எனக்கே நன்றாகச் சொன்னதாகப் பட்டது.

ஒரு படிவம் எந்த வகை என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும் என்பதற்காக மேல் பத்திகளைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். அதனால்தான் உனக்குச் சந்தேகம் வரவில்லை. மதிப்பிட்டு முடித்ததும் பின்பக்கக் குறியைப் பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்தேன். நல்ல கட்டு இங்கே என் பையில் இருக்கிறது. கெட்ட கட்டு மேஜையில் இருந்தது. உண்மையான படிவங்களைத் தேர்வு முடிந்த அன்று கொடுத்து வாங்குவதாக இருந்தேன். அதற்குள் முகாமுக்கு வரச் சொல்லி ஓலை வந்துவிட்டது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக்கே முதல்வரிடம் போ. "நான் எடுத்தது வகுப்புப் பயிற்சித் தாள், கருத்துப் படிவம் அல்ல" என்று சொல். இரண்டு வாக்கியம் போதும். நான் இங்கிருந்து எழுதினால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். எடுத்தவள் சொன்னால்தான் எடுபடும்.

வாடுகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே. அது அதிகத் தண்ணீரால்தான் வாடும்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

இரண்டு வாக்கியம் என்று சுலபமாக எழுதிவிட்டாய்.

முதல் வாக்கியம் சொன்னதும் அவர் என்ன கேட்பார்? "பூட்டின ரூமுக்குள்ள நீங்க எப்படிப் போனீங்க?" அதற்கு நான் சாவி கொடுத்த அம்மாவைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் இல்லாதபோது அறையைத் திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது எங்கள் பிரிவு, தட்டச்சு செய்தது நான். கண்காணிப்பாளர் பதவியில் என்னை நிரந்தரமாக்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வீட்டில் அவர் வேலையில்லாமல் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் குளித்து, தலை வாரி, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சோபாவில் உட்காருகிறார். இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல.

தப்பு செய்தேன், சரி. ஆனால் உன்மேல் பேச்சு வரக் கூடாது என்று நினைத்துத்தானே செய்தேன்? நீயாக நேரத்துக்குக் கொடுத்திருந்தால் நான் ஏன் சாவி தேடிப் போகிறேன்? எதற்கெடுத்தாலும் "நீ போ, நீ சொல்". அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் டாக்டரிடம் போய்ப் பேசுவது நான், ஞாயிற்றுக்கிழமை வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேள்வி கேட்பது நீ.

இதை எழுதியிருக்க வேண்டாம். ஆனால் எழுதியதை அடித்துவிட மாட்டேன்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. உன் பையில் இருக்கும் நல்ல கட்டைத் தபாலில் அனுப்பு. "மீதிப் படிவம் தாமதமாக வந்தது" என்று சேர்த்துவிடுகிறேன். இரண்டும் சேர்ந்தால் நாற்பத்தொன்று, கணக்கும் சரியாகிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

சின்னு


ஏப்ரல் 16

சின்னுவுக்கு,

நல்ல கட்டை அனுப்ப மாட்டேன். அதுவும் அவர்களுடைய கருத்து அல்ல, நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. என்னை நானே புகழ்ந்து நீட்டிப்பு வாங்குவதைவிட வேறு வேலை தேடலாம். நாற்பத்தொன்பது வயதில் யார் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். இந்தப் பாடம் வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். முடியாது என்றால் வேறு வழியைச் சொல்கிறேன்.

இருபதாம் தேதிக்கு மேல் மாணவர்கள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க உங்கள் ஜன்னலுக்கு வருவார்கள். ஒவ்வொருவரிடமும் புதுப் படிவம் கொடு. மேல் பத்தி எதுவும் இல்லாத, சுத்தமான படிவம். அன்றைக்குப் படித்தது ஆசிரியர் இட்டுக்கட்டியது என்று இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு எழுதச் சொல். எந்தப் பத்தி வந்தது என்று கேட்டு மூலையில் பென்சிலால் ஒரு குறி போட்டு வை. அது எனக்காக.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு தகவல் பொய் என்று தெரிந்த பிறகும் அதன் கறை போகாது என்று ஐந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இந்த ஒரு தடவை என் பாடம் தப்பாகப் போகட்டும்.

முகாமில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சிரித்துக்கொண்டே பூஜ்யம் போடுகிறார். சாப்பாடு மோசமில்லை.

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பத்து மூன்று பேர் வந்தார்கள். நீ சொன்னபடி ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லாருக்கும் நினைவிருந்தது. "ஆமா மேடம், செம ஐடியா அது" என்று சிரித்தார்கள். சிரித்தபடியே ஜன்னல் திட்டில் தாளை வைத்து எழுதினார்கள்.

இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். கெட்ட பத்தி வாங்கியவர்களில் பதினாறு பேர் வந்தார்கள். பதின்மூன்று பேர் திரும்பவும் அதையே எழுதியிருக்கிறார்கள். நல்ல பத்தி வாங்கிய பதினேழு பேரில் பதினைந்து பேர் புகழ்ந்திருக்கிறார்கள். பென்சில் குறியை வைத்து மூன்று முறை எண்ணினேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண். உன் வகுப்பில் முன் வரிசையில் உட்காருபவள் என்று நினைக்கிறேன். அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அது பொய்னு இப்பதானே சொன்னேன்? நீயும் தெரியும்னியே?"

"தெரியும் மேடம். பொய்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் நான் கவனிச்சுப் பாத்தேன். நிஜமாவே முகம் மாறுது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோடை மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரிச் சொன்னாள். அட்டையைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போனாள்.

தாடிக்காரன் எதுவும் எழுதவில்லை. "எது என்னோட கருத்துன்னு எனக்கே தெரியல மேடம். காலியா வச்சுக்கோங்க" என்று வெறும் தாளை நீட்டினான். அதையும் சேர்த்துத்தான் முப்பத்து மூன்று.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்.

சின்னு


ஏப்ரல் 25

சின்னு,

இந்தக் கடிதம் உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் புதுப் படிவங்களை யாரிடமும் காட்டாதே. முதல்வரிடமும் போக வேண்டாம். அதற்கான நேரம் போய்விட்டது. உன் ஏழு வாரத்தைப் பார்.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி காலை. முந்தின நாள் முழுக்க அந்தக் கண்ணாடிப் பெண்ணின் பேச்சே காதில் இருந்தது. வீட்டில் அவரிடம் சொன்னேன். "உனக்குச் சரின்னு பட்டா போய்ச் சொல்லு. வேலை போனா ரெண்டு பேரும் சோபாவுல உக்காருவோம்" என்றார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன ஒரே ஜோக். அதுவே எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

முதல்வரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, கட்டு, கத்தரித்த பத்தி, புதுப் படிவம், எல்லாம். அவர் கடைசி வரை கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"முதல் நாளே வந்து சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்மா. மூணு வாரம் கழிச்சு, குழு கூடுற அன்னைக்குக் காலையில, கையில ஒரு புதுக் கட்டோட வந்து நிக்கறீங்க. நான் இதை என்னன்னு எடுத்துக்கறது?"

"சார், நான் எடுத்தது தப்பான கட்டு. சத்தியமா."

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னு காலேஜுக்கே தெரியும். ஆசிரியரோட தங்கை ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு, பிள்ளைங்ககிட்ட அக்காவைப் பத்தி எழுது எழுதுன்னு வாங்கியிருக்கீங்க. அப்படியும் பாதிப் பேர் இப்படி எழுதியிருக்காங்கன்னா, நான் என்ன செய்யட்டும்?"

பொய் சொன்ன மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

முடிவு தபாலில் உனக்கு வரும். என் கையாலேயே தட்டச்சு செய்ததால் இப்போதே சொல்கிறேன். உன் நியமனம் நீட்டிக்கப்படவில்லை. பாடத்தையும் அடுத்த ஆண்டிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். காரணம் என்று இரண்டு வரி போட்டிருக்கிறார்கள். மாணவர் கருத்து ஒரு வரி. "மாணவர்களை முன்னறிவிப்பின்றிப் பரிசோதனைக்கு உட்படுத்தியது" இன்னொரு வரி. இரண்டாவது வரி நான் போய்ச் சொன்னதால் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு வரியோடு போயிருக்கும்.

என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போகிறது. சாவி கொடுத்த அம்மாவைப் பழைய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. போகும்போது என்னைப் பார்த்து, "பரவாயில்ல விடுங்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இன்னொன்று இருக்கிறது, அக்கா. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கோப்புக்காக அந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பத் தட்டச்சு செய்தேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. எங்கே கேட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. அம்மா போன அன்று சாயங்காலம், நர்ஸ் மேலே போகச் சொல்லியும் போகாமல் நாம் இருவரும் நின்ற இடம். "எல்லாத்தையும் கேப்ப, பதில் முன்னாடியே உன்கிட்ட இருக்கும். வேற பதில் சொன்னா மூஞ்சி மாறும். உனக்கு எல்லாரும் உதாரணம்தான், மனுஷங்க இல்ல." நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது.

கெட்ட பத்தி அரிசி வேகும் நேரத்தில் வந்தது என்று எழுதியிருந்தாய்.

அந்த மாதமே உன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேனே, அக்கா. மூன்று வருடம் அம்மாவைத் தனியாகப் பார்த்த அலுப்பில் வந்த வார்த்தை, ஒன்றும் நிஜம் இல்லை என்று சொன்னேனே. நீயும் "அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன், காபி குடி" என்றாயே.

சின்னு


மே 5

சின்னுவுக்கு,

முடிவு வந்து சேர்ந்தது. உன் தட்டச்சு என்று பார்த்ததுமே தெரிந்தது. பத்திக்கு முன்னால் ஐந்து இடம் விடுகிறவள் நீ ஒருத்திதான்.

முதல்வரிடம் போனதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. போகாமல் இருந்திருந்தாலும் இதே முடிவுதான். நானாக இருந்தாலும் உன்னை நம்பியிருக்க மாட்டேன். பழைய கட்டடத்துப் படிக்கட்டைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

நீ கேட்டதற்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னது பொய் அல்ல. நீ நிஜம் இல்லை என்றாய், நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். படிவத்துக்கு ஒரு கெட்ட பத்தி வேண்டும் என்று உட்கார்ந்தேன். யோசிக்கவே இல்லை, அது தயாராக இருந்தது. எழுதி முடித்தபோது நானே கற்பனை செய்ததாகத்தான் நினைத்தேன். உன் கடிதம் வந்த அன்றுதான் எனக்கும் அந்தப் படிக்கட்டு தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாளாக ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். நீ அதைச் சொன்ன பிறகு, இந்த இரண்டு வருடத்தில், வகுப்பில் யாராவது கை தூக்கினால் நான் முதலில் செய்தது என் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வதுதான். நெற்றி சுருங்கக் கூடாது, உதடு இறுகக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதில் கேள்வி பாதி காதில் விழாது. விழாததால் ஏற்கெனவே தெரிந்த பதிலையே சொல்லிவிடுவேன். முன் வரிசையில் இருக்கும் அந்தப் பெண் அதைத்தான் பார்த்திருக்கிறாள். அவள் எழுதியதில் தவறு இல்லை. ஒருவேளை அந்த நாற்பத்தொரு பேரில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்தியாகவே இருக்கலாம். முன்பு என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் இல்லை.

பொய் என்று சொல்லப்பட்ட பிறகும் கறை போகாதவர்களின் எண்ணிக்கையை எழுதியிருந்தாய். அதில் ஒன்றைக் கூட்டிக்கொள். என்னை.

இங்கே நேற்று வேறொரு கல்லூரியின் பொது உளவியல் தாள்கள் வந்தன. மறுக்கப்பட்ட செய்தி ஏன் மனதில் தங்குகிறது என்று ஒரு கேள்வி. பத்து மதிப்பெண். ஒருவர் ஐந்து பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர், "ஏனென்றால் அதை முதலில் கேட்டுவிட்டோம்" என்று ஒரே வரி எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார். இரண்டு மதிப்பெண்தான் போட முடிந்தது. அந்தத் தாளைக் கட்டில் திருப்பி வைக்க வெகுநேரம் ஆயிற்று.

பையில் இருந்த நல்ல கட்டை இங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன். கிழிக்கும் முன் ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட மனதில் ஒட்டவில்லை.

பதினோராம் தேதி காலை வண்டியில் வருகிறேன். வர வேண்டாம் என்றாலும் நீ நிலையத்துக்கு வருவாய். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "என் மேல கோவமா அக்கா?" என்று கேட்பாய். இல்லை என்பேன். அது உண்மை, இப்போதே எழுதித் தருகிறேன்: கோபம் இல்லை.

ஆனால் நீ அதைக் காதில் வாங்க மாட்டாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அக்கா